துராங்காவுக்கு வெள்ளிக்கிழமை லீவு

ஃபிஜிக்குப் போகவேண்டியவர் எங்கள் பள்ளித் தமிழாசிரியை. அங்குள்ள தென்னிந்தியர்கள் தாத்தா காலத்திலிருந்து நடத்திவரும் சங்கம், தங்கள் பிள்ளைகளுக்கு விடுமுறையில் மூன்று வாரம் தமிழ் சொல்லித்தர ஓர் ஆளைக் கேட்டிருந்தது. கிளம்பும் நேரத்தில் அவர் மகளின் பிரசவம் முந்திக்கொண்டது. தலைமையாசிரியை ஆசிரியர் அறையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு என் மேஜைக்கு வந்து நின்றார். "உங்ககிட்டதான் பாஸ்போர்ட் இருக்கு," என்றார். நான் வரலாறு எடுப்பவள். மலேசியா போவதற்காக எடுத்த பாஸ்போர்ட் அது. மலேசியா நடக்கவில்லை, ஃபிஜி நடந்துவிட்டது.

நான் எடுக்கும் பாடங்களில் பிள்ளைகள் தூங்காத பாடம் ஒன்று உண்டு. ஐரோப்பாவின் இடைக்கால நிலப்பிரபுத்துவம். ஒவ்வொரு ஜூலையிலும் கரும்பலகையில் பெரிதாக ஒரு முக்கோணம் போடுவேன். உச்சியில் அரசன், கீழே பிரபுக்கள், அதற்கும் கீழே வீரர்கள், அடியில் பண்ணையடிமைகள். நிலம் பெறுகிறவன் மண்டியிட்டு, கூப்பிய கைகளைப் பிரபுவின் கைகளுக்குள் வைத்து, "நான் உங்கள் ஆள்" என்பான். பிரபு ஒரு பிடி மண்ணை எடுத்து அவன் கையில் வைப்பார். இந்த இடத்தில் நான் ஒரு மாணவியை மண்டியிட வைத்து நடித்தே காட்டுவேன். பதினெட்டு வருடமாக நடக்கிற நாடகம். பிரபு எப்போதும் நான்தான்.

நாந்தி விமான நிலையத்தில் ஒருவர் வெள்ளைப் பூமாலையோடு நின்றிருந்தார். எனக்குப் பின்னால் வந்த கோட்டுக்காரருக்காக இருக்கும் என்று ஒதுங்கி வழிவிட்டேன். கோட்டுக்காரரும் அதையே நினைத்துக் கழுத்தை நீட்டிவிட்டார். மாலை விழுந்த பிறகுதான் தெரிந்தது, அது எனக்கு வந்த மாலை. அதைத் திருப்பிக் கேட்பதா வேண்டாமா என்று மூன்று பேரும் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டே நின்றோம். மாலையோடு வந்தவர் பொன்சாமி. அறுபதை ஒட்டிய வயது, கரும்பு விவசாயி. அவர் வீட்டில்தான் எனக்கு ஜாகை.

"நம்ம தமிளு ஒடஞ்ச தமிளு டீச்சர். நீங்க கோவிச்சுக்காதீங்க," என்றார். அதன்பின் வண்டி நமாகா கடைத்தெருவைத் தாண்டிக் கரும்புக்காட்டுக்குள் திரும்பும்வரை ஓயாமல் பேசினார். அந்தத் தமிழில் பழைய மெட்ராஸ் இருந்தது, நடுநடுவே இந்தி இருந்தது, உடைசல் எதுவும் எனக்குத் தட்டுப்படவில்லை.

மரத்தாலான வீடு, தகரக் கூரை, கீழே முழங்கால் உயரத் தூண்கள். பொன்சாமியின் மனைவி கமலா முதல் நாள் ரொட்டியும் டின்மீன் குழம்பும் வைத்தார். இரண்டாம் நாள் சேப்பங்கீரையைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்துக் கொடுத்தார். மூன்றாம் நாள் நான் வாய்விட்டே இட்லியைப் பற்றிக் கேட்டேன். "இட்லி கோயில் திருவிளாவுக்குத்தான் அக்கா. நீங்க மாரியம்மனா, வந்த ஒடனே படைக்க?" என்றார். மூன்று வாரமும் என்னை இப்படியே வைத்திருந்தார். எனக்கு அந்த அம்மாளை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

காலையில் வகுப்பு. பிள்ளைகள் தேவாரம் பாடினால் கூரை அதிரும். பாட்டில் வரும் ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டால் ஜன்னல் பக்கம் பார்ப்பார்கள். தங்களுக்குள் பேசுவது ஃபிஜி இந்தி, என்னோடு பேசுவது ஆங்கிலம். தமிழ் சாமியோடு பேசுவதற்கு. நான் "உட்கார்" என்றால் நிற்பார்கள், "நில்" என்றால் சிரிப்பார்கள். இரண்டாம் வாரம் நான் தமிழ்ப் பாடத்தை மூட்டைகட்டி வைத்துவிட்டுத் தமிழில் கதை சொல்ல ஆரம்பித்தேன். அப்புறம் கொஞ்சம் பரவாயில்லை.

பள்ளிக்குப் போய்வர பஸ். பக்கவாட்டில் கண்ணாடி கிடையாது, சுருட்டி வைத்த தார்ப்பாய்தான். மழை வந்ததும் என் பக்கத்து இருக்கைப் பெண் தார்ப்பாயை இறக்கி, அதன் கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப்போனாள். விட்டால் எல்லாரும் நனைந்துவிடுவார்களே என்று கடைசி நிறுத்தம்வரை பிடித்துக்கொண்டே இருந்தேன். ஜன்னலோரம் கயிறு கட்ட ஒரு கொக்கி இருந்ததை மறுநாள்தான் பார்த்தேன்.

பொன்சாமி வீட்டுக்குப் பக்கத்து மனையில் வீடு இல்லை, தூண்கள் மட்டும் நின்றன. பலகை பலகையாகக் கழற்றி, தகரத்தைச் சுருட்டி, லாரியில் ஏற்றிக்கொண்டு அந்தக் குடும்பம் தலைநகர் சுவாவுக்குப் பக்கத்தில் நகாசிக்குப் போய்விட்டதாம். பொன்சாமியின் மகனும் நகாசியில்தான் இருக்கிறார், சுவாவில் ஓர் அலுவலக வேலை. அவர் வீட்டில் இரண்டே அறை. ஆறு பேர்.

"ஏன் கழற்றினார்கள்?" என்று கேட்டேன். பொன்சாமி என்னை வயலுக்கு அழைத்துப்போனார்.

"இந்த ஜமீன், இந்த மண்ணு, கைவீத்தி ஆளுங்களுது டீச்சர்," என்றார். அந்த மண்ணின் பூர்வகுடிகளை அவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். "ஒர்த்தனுது இல்ல. அவுங்க கொலம் மொத்தத்துக்கும் சேத்து. விக்க முடியாது, வாங்க முடியாது. எங்க தாத்தா லீஸ் எடுத்தாரு, அப்பா எடுத்தாரு, நான் முப்பது வருசத்துக்கு எடுத்தேன். இன்னும் அஞ்சி வாரம் கீது."

"அப்புறம்?"

"அப்புறம் துராங்கா இன்னா சொல்றாரோ அது."

துராங்கா என்றால் குலத்தலைவர். குத்தகைக் காகிதம் போடுவது நகரத்து அலுவலகம். ஆனால் குலம் தலையசைத்தால்தான் அலுவலகம் பேனாவை எடுக்கும். துராங்கா தலையசைத்தால்தான் குலம் அசைக்கும். இந்த முறை அவருடைய அக்கா மகன்கள் இரண்டு பேர் சுவாவிலிருந்து திரும்பி வந்து, நாங்களே கரும்பு போடுகிறோம் என்று நிற்கிறார்கள். பக்கத்து மனை அப்படித்தான் போயிற்று.

என் கரும்பலகை முக்கோணம் எதிரே உயிரோடு நின்றது. பாவம் மனுஷன் வீடு போகப்போகிறது, நானோ கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். முதல் விளைச்சல் யாருக்கு? துராங்காவுக்கு. கடலில் ஆமை பிடித்தால்? துராங்காவுக்கு. மீன் தலை? அதுவும் அவருக்குத்தான். அப்படியென்றால் பெரிய பணக்காரராக இருப்பாரே என்றேன். பொன்சாமி சிரித்துவிட்டார்.

"யாரு கேட்டாலும் இல்லைன்னு சொல்லக் கூடாது டீச்சர், அதான் துராங்கா. ஒரு டீவி வாங்கினாரு. தம்பி மவன் வந்து கேட்டான், போச்சி. கட்டிலு போச்சி. ஊருல பெரிய வூடு அவுருது, உள்ள பாயி மட்டும்தான் கீது."

"பிழைப்புக்கு என்ன செய்கிறார்?"

"ஏர்ப்போர்ட்டுல தீயணைக்கிற வண்டி ஓட்றாரு. வெள்ளிக்கிளமதான் லீவு."

என் முக்கோணத்தின் உச்சியில் இருந்த ஆளுக்கு ஷிப்ட் டூட்டி இருக்கும் என்று நான் எந்த ஜூலையிலும் சொன்னதில்லை. வீட்டுக்குத் திரும்பியும் அதையே பேசிக்கொண்டிருந்தேன். கமலா பாத்திரம் துலக்குவதை நிறுத்திவிட்டு, "அக்காவுக்கு பாடம் கெடச்சிடுச்சி. எங்களுக்குத்தான் வூடு கெடைக்குமான்னு தெரில," என்றார். வெட்கமாகப் போய்விட்டது. அன்றைக்கு முழுக்க நான் கேள்வியே கேட்கவில்லை.

இந்தியாவிலிருந்து ஓர் ஆசிரியை வந்திருப்பது துராங்காவின் காதுக்கும் போயிருந்தது. பார்க்கவேண்டும் என்று சொல்லி அனுப்பினார். பொன்சாமி இதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டார். விருந்தாளியோடு போய் உட்கார்ந்து, அப்படியே குத்தகைப் பேச்சையும் எடுத்துவிடலாம் என்பது அவர் கணக்கு.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் காதர் பாய் தன் டாக்சியோடு வந்தார். பொன்சாமியின் சிறுவயது சிநேகிதர், அவரை 'பையா' என்பார், இந்தியில் அண்ணன். இவர் பாட்டனாரும் பொன்சாமி பாட்டனாரும் ஒரே கப்பலில் வந்தவர்கள். காதர் பாய் கைவீத்திக் கிராமத்தை ஒட்டி வளர்ந்தவர், அவர்கள் மொழியை அவர்களைப் போலவே பேசுவார். அதனால் பொன்சாமிக்கு அவர்தான் வாய். அங்கே தலைவரிடம் யாரும் நேரே பேசக்கூடாது. வருகிறவருக்கு ஒரு பேச்சுக்காரர், தலைவருக்கு ஒரு பேச்சுக்காரர். அவர்கள் இருவரும்தான் பேசிக்கொள்வார்கள்.

போகும் வழியில் கரும்பு ரயில் குறுக்கே வந்தது. ரயில் என்றால் பெரிதாக நினைக்கவேண்டாம், இடுப்புயரப் பெட்டிகள். ஆனால் முடிவே இல்லை. கடைசிப் பெட்டி சரியாகச் சாலை நடுவில் வந்ததும் ரயில் நின்றது. ஓட்டுநர் இறங்கி, எதிர்க் கடையில் ஏதோ வாங்கிக்கொண்டு, கடைக்காரரோடு பேசி முடித்து, நிதானமாக ஏறினார். காத்திருந்த நேரத்தில் காதர் பாய் எனக்குப் பாடம் எடுத்தார்.

"டீச்சரம்மா, கைப்பைய தோள்ல மாட்டாதீங்க, கைல புடிங்க. குடை விரிக்காதீங்க. யாரு பின்னாடியும் நிமிந்து நடக்காதீங்க. யங்கோனா குடுத்தா ஒரே மூச்சுல குடிக்கணும். குடிப்பீங்கல்ல?"

யங்கோனா என்பது ஒரு வேர். இடித்துத் தண்ணீரில் பிசைந்து குடிப்பது. பொன்சாமி வீட்டில் சாயங்காலம் எனாமல் கிண்ணத்தில் அதைக் குடித்துப் பார்த்திருக்கிறேன். சேற்றுத் தண்ணீரில் மிளகு தட்டிப்போட்டது போல இருக்கும், நாக்கு மரத்துவிடும். "என்ன கொடுத்தாலும் குடிப்பேன் பாய்," என்றேன்.

பொன்சாமி முன்னிருக்கையிலிருந்து திரும்பினார். "அதுக்குத்தான் கேக்கறாரு. முன்ன இந்தியாலேந்து ஒரு சாமியாரு வந்தாரு. கதை சொல்ல. அவுர இட்டுகினு போனோம். எச்சி, தொட மாட்டேன்னுட்டாரு. துராங்கா ஒண்ணும் சொல்லல. லேகின் ஒரு வருசம் எங்கள கூப்புடவே இல்ல."

கிராமத்து எல்லையில் இறங்கினோம். காணிக்கையாகக் கொடுக்கவேண்டிய வேர்க்கட்டு டிக்கியில் இருந்தது. டிக்கி திறக்கவில்லை. காதர் பாய் சாவியால் திருகினார், கையால் குத்தினார், கடைசியில் ஏறி உட்கார்ந்தே பார்த்தார். வேர்க்கட்டு இல்லாமல் ஊருக்குள் கால் வைக்க முடியாது. எங்களை எதிர்கொள்ள வந்த துராங்காவின் பேச்சுக்காரர் ஓலைவிசிறியோடு ஒரு மரத்தடியில் நின்று, இன்னும் தன்னிடம் தரப்படாத காணிக்கையைப் பார்க்காதது போல வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நாலு பேர் ஒரு கடப்பாரையோடு வந்து நெம்பியதும் டிக்கி திறந்தது. மூடத்தான் இல்லை. பேச்சுக்காரர் அப்போதுதான் எங்களைக் கண்டவர் போல முகம் மலர்ந்து வரவேற்றார். அந்த மரியாதையை நான் எங்கேயும் பார்த்ததில்லை.

துராங்காவின் வீடு ஒரே கூடம். சுவர்முட்டப் பாய். கூடத்தின் மேல்கோடியில் துராங்கா சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். நல்ல உயரம், நரைத்த சுருட்டை முடி, பூப்போட்ட சட்டை. வாசலை ஒட்டிக் கீழ்க்கோடி. இரண்டுக்கும் நடுவே யார் எங்கே உட்கார்வது என்பது ஒவ்வொருவருக்கும் பிறந்ததிலிருந்தே தெரிந்திருந்தது. பொன்சாமி குனிந்தபடி உள்ளே வந்து வாசலோரம் உட்கார்ந்துகொண்டார். நானும் பழக்கதோஷத்தில் அவர் பக்கத்திலேயே உட்காரப்போனேன். "மேல, மேல," என்று காதர் பாய் முழங்கையால் என்னைத் தள்ளிக்கொண்டே போய், துராங்காவிடமிருந்து இரண்டு பாய் தள்ளி உட்காரவைத்தார். என் முக்கோணத்தை அங்கே யாரோ தரையில் படுக்கவைத்துவிட்டார்கள் என்று தோன்றியது.

காதர் பாய் வேர்க்கட்டை முன்னால் வைத்து நீளமாகப் பேசினார். பேச்சுக்காரர் அதைத் தொட்டு, அதைவிட நீளமாகப் பேசினார். எல்லாரும் கைகளைக் குவித்து ஆழமாகத் தட்டினார்கள். நாலு கால் மரத்தொட்டிக்குப் பின்னால் ஓர் ஆஜானுபாகு ஆள் உட்கார்ந்து வேரைப் பிசைந்தார். துராங்காவின் அக்கா மகன்களில் மூத்தவர், பொன்சாமியின் நிலத்தைக் கேட்பவர் அவர்தான் என்று காதர் பாய் என் காதில் சொன்னார்.

பேச்சுக்காரர் உரக்க ஒரு பெயரைச் சொன்னார். அக்கா மகன் பாத்திரத்தை நிரப்பி எடுத்துப்போய் மண்டியிட்டு நீட்ட, துராங்கா ஒரு தட்டு தட்டி வாங்கிக் குடித்தார். அடுத்து அவருடைய பேச்சுக்காரர். அடுத்து, "இந்தியாவின் டீச்சர்" என்று என்னைச் சொன்னார்கள். அந்தப் பெரிய உடம்பு என் முன்னால் மண்டியிட்டது. இரண்டு கையாலும் நீட்டிய பாத்திரம் அப்போதுதான் கண்ணுக்கு நேரே வந்தது. தேய்த்துத் தேய்த்துக் கறுப்பாக மின்னிய தேங்காய்ச் சிரட்டை.

என் கை எழவில்லை.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் அப்பா திருவாரூர்ப் பக்கத்தில் ஒரு பண்ணையில் ஆளாக இருந்தவர். அறுப்புக் காலத்தில் நடுப்பகலில் டீக்கடைக்கு வருவார். கடையின் கூரைக் கீற்றில் சிரட்டைகள் செருகியிருக்கும். எங்கள் தெரு ஆட்கள் அதிலொன்றை எடுத்து நீட்டவேண்டும், கடைக்காரர் உயரத்திலிருந்து ஊற்றுவார். குடித்ததும் தாங்களே கழுவித் திரும்பச் செருகிவிட வேண்டும். ஏழு வயதில் அப்பாவோடு போன நான் பெஞ்சில் இருந்த கண்ணாடி தம்ளரைக் காட்டி, எனக்கு அதில் வேண்டும் என்றேன். அப்பா என்னை அடித்தார். வாழ்நாளில் அவர் என்னை அடித்தது அந்த ஒரு தடவைதான். அதன்பின் என் கை சிரட்டையைத் தொட்டதில்லை. கல்யாணத்துக்குச் சீராக வந்த சிரட்டை அகப்பையைக்கூட மாமியார் பார்க்காதபோது அடுப்பில் வைத்துவிட்டேன்.

"பாய், வேறு தம்ளர் கிடைக்குமா?" என்று மெதுவாகத்தான் கேட்டேன். அந்தக் கூடத்தில் மெதுவானது எதுவும் கிடையாது.

காதர் பாய் அதை மொழிபெயர்க்கவில்லை. விசிறி ஆட்டிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். வாசலோரம் பொன்சாமியின் முகத்தைப் பார்த்தேன். அவர் கண்ணில் தெரிந்தது அந்தச் சாமியார். இந்தியாவிலிருந்து இன்னொரு உயர்ந்த ஜாதி வந்து உட்கார்ந்து, இன்னொரு தடவை எச்சில் பார்க்கிறது என்று நினைத்துவிட்டார். அந்த மனுஷனுடைய வீடும் கரும்பும் என் இரண்டு கைக்கு முன்னால் மண்டியிட்டு நிற்கின்றன, என் கையோ மடியைவிட்டு வரவில்லை. என்னைப் போய் அப்படி நினைக்கிறார்களே என்று சிரிப்பு வந்தது, அதைவிட அதிகமாக அழுகை வந்தது.

"டீச்சர், குடிங்க," என்றார் பொன்சாமி. கெஞ்சல்.

"பாய், நான் சொல்வதை அப்படியே சொல்லுங்கள்," என்றேன். மேலே எழுதியிருப்பதைச் சொன்னேன், டீக்கடை, கூரைக்கீற்று, கண்ணாடி தம்ளர், அடி. காதர் பாய் ஒவ்வொரு வாக்கியமாகப் பேச்சுக்காரரிடம் சொன்னார். பேச்சுக்காரர் அதை இரண்டு முழம் தள்ளியிருந்த துராங்காவிடம் திரும்பச் சொன்னார். காதர் பாய் பேசியதே அவர் மொழிதான், பேச்சுக்காரர் வாயைத் திறப்பதற்கு முன்பே அவருக்கு முழுக்க விளங்கியிருக்கும். ஆனாலும் பேச்சுக்காரர் முடிக்கும்வரை கேட்காதவராகவே உட்கார்ந்திருந்தார். அடி வாங்கிய இடம் வந்தபோது மட்டும் அவர் தலை நிமிர்ந்தது. அக்கா மகன் அத்தனை நேரமும் நீட்டிய கையை இறக்கவில்லை.

கேள்வி அதே வழியில் திரும்பி வந்தது. "அந்தச் சிரட்டையில ஒங்க அப்பாவுக்கு முன்ன யாரு குடிச்சாங்கன்னு கேக்கறாரு."

"எங்கள் தெரு ஆட்கள்."

"அப்பாவுக்கு அப்பறம்?"

"எங்கள் தெரு ஆட்கள்தான்."

"அப்ப அது அந்தத் தெருவோட பிலோங்கறாரு. சிரட்டைக்கு இங்க பிலோன்னு பேரு." எங்கள் சிரட்டை அப்படியில்லை என்று எனக்குத் தெரியும். துராங்காவிடம் அதை விளக்க எங்களிடமிருந்த மூன்று மொழியும் போதாது. "தப்பு எங்களுதுங்கறாரு, டீச்சரம்மா. பிலோ குடுக்கறச்ச ஊருப் பேர, இல்ல வூட்டுப் பேரச் சொல்லித்தான் கூப்புடணுமாம். டீச்சருன்னு கூப்புட்டது மரியாத இல்லையாம். அந்தத் தெருவு பேரு இன்னான்னு கேக்கறாரு."

நான் எங்கும் எழுதாத பெயர் அது. பள்ளிப் பதிவேட்டில் என் முகவரி மெயின் ரோடு வழி என்றுதான் இருக்கும். எங்கள் ஊரில் அந்தத் தெருவின் பெயரைச் சொன்னாலே போதும், எதிரே இருப்பவர் தம்ளரை நகர்த்தலாமா என்று யோசிப்பது தெரியும்.

"கீழத்தெரு," என்றேன்.

பேச்சுக்காரர் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். துராங்காவின் பெயரைச் சொன்ன அதே குரலில், அதே நீட்டி முழக்கலில், "கீழத்தெரு" என்று கூப்பிட்டார். கூடம் முழுக்கக் கைகளைக் குவித்துத் தட்டியது. என் கை தானாக எழுந்தது. ஒரு தட்டு தட்டி, சிரட்டையை வாங்கி, வாய் வைத்து ஒரே மூச்சில் குடித்தேன். அழுகை வந்துவிட்டது. அதை மறைக்கவும் இல்லை. பக்கத்திலிருந்த ஓர் அம்மாள் தன் விசிறியை என் பக்கம் ஆட்டத் தொடங்கினார்.

அதே சிரட்டை அடுத்தவருக்குப் போயிற்று, அதற்கடுத்தவருக்குப் போயிற்று. சுற்று கீழ்க்கோடிக்கு இறங்கிவந்தது. வாசலோரம் இருப்பவர்களுக்குப் பெயர் சொல்லும் வழக்கம் இல்லை, சும்மா நீட்டுவார்கள், வாங்கிக் குடிக்கவேண்டியது. பொன்சாமி முப்பது வருடமாக அப்படித்தான் குடித்திருக்கிறார். அவர் முறை வந்தபோது துராங்கா ஒரு விரலை உயர்த்தினார். பேச்சுக்காரர் காதர் பாயிடம் ஏதோ கேட்டார். காதர் பாய் பொன்சாமியிடம் திரும்பினார்.

"பையா, ஒன் ஊரு பேரு இன்னான்னு கேக்கறாங்க. கூப்புடறதுக்கு."

பொன்சாமி என் பக்கம் திரும்பினார். தாத்தா கப்பலேறிய காகிதம் ஒன்று வீட்டில் இருக்கிறது, எனக்கும் காட்டியிருந்தார். ஊர்ப் பெயர் இருந்த மூலையைக் கரையான் தின்றுவிட்டது. மெட்ராஸ் என்று சொல்லலாம். அல்லது நான் ஏதாவது ஓர் ஊரை எடுத்துக்கொடுத்திருக்கலாம், அவர் என்னைப் பார்த்த பார்வையில் அதைத்தான் எதிர்பார்த்தார். வரலாற்று ஆசிரியைக்கு அது பெரிய வேலையும் இல்லை. ஆனால் அப்போது எனக்குப் பொய் வரவில்லை.

"எனக்கு ஊரு இல்ல," என்றார் பொன்சாமி. அதைத் தமிழில் சொன்னார், பிறகு யாருக்கும் புரியாமல் போய்விடக்கூடாது என்பது போல இந்தியிலும் சொன்னார்.

காதர் பாய் மொழிபெயர்க்க வாயெடுத்தார். விமான நிலையத்தில் வேலை செய்கிறவருக்கு அந்த இந்தி போதும், அதற்குள் துராங்கா பேசிவிட்டார். பேச்சுக்காரர் வழியாகப் பேசவில்லை, பொன்சாமியைப் பார்த்து நேராகச் சொன்னார். ஒரே சொல். "வுனிமோலி."

கூடத்தில் ஒரு சலசலப்பு. பேச்சுக்காரர் திடுக்கிட்டுத் துராங்காவைப் பார்த்தார். தொட்டிக்குப் பக்கத்திலிருந்த இளைய அக்கா மகன் ஏதோ சொல்லவந்து அடக்கிக்கொண்டார். நான் காதர் பாயின் சட்டையை இழுத்தேன்.

"வுனிமோலின்னா எலுமிச்சங்கா மரத்தடி," என்றார். "நம்ம பையா கரும்பு போடறாரே, வூடு கட்டிகீறாரே, அந்த மண்ணுக்கு அவுங்க வெச்ச பேரு. அவுங்க கொலத்துப் பேரு. அந்தப் பேரச் சொல்லி பிலோ குடுத்துட்டா அப்பறம் அந்த மண்ணுலேந்து ஆள எளுப்ப முடியாது டீச்சரம்மா. துராங்காவே நெனச்சாலும் முடியாது."

பேச்சுக்காரர் மூச்சை இழுத்துக்கொண்டு, உரக்க, நீட்டி முழக்கிக் கூப்பிட்டார். "வுனிமோலி."

தொட்டிக்குப் பின்னால் மூத்த அக்கா மகன் கொஞ்ச நேரம் அசையவில்லை. அந்தக் கரும்புக்காகச் சுவாவில் இருந்த வேலையை விட்டுவிட்டு வந்தவர். பிறகு சிரட்டையை விளிம்புவரை நிரப்பினார். எழுந்து, கூடத்தின் மேலிருந்து கீழ்வரை சிந்தாமல் நடந்து வந்து, வாசலோரம் உட்கார்ந்திருந்த பொன்சாமியின் முன்னால் மண்டியிட்டார். இரண்டு கையாலும் நீட்டினார்.

பொன்சாமிக்குக் கை தட்டவேண்டும் என்பதே மறந்துவிட்டது. யாரும் அவசரப்படுத்தவில்லை. அந்த ஆள் முழங்காலில் நின்றபடி காத்திருந்தார், துராங்கா காத்திருந்தார். பிறகு வாசல் பக்கத்திலிருந்து ஒரு தட்டு கேட்டது.